பாம்பன் பாலத்தை மீட்டமைத்த வரலாறு

பழுதுற்ற பொருளைச் சீராக்குவதில் மூன்று முறைகள் உண்டு. உடைந்த இடத்தை மட்டும் ஒட்டி வேலைக்கு ஆக்கிக்கொள்வது ஒன்று. இதனைப் பழுதுபார்த்தல் என்கிறோம். பழையதற்குப் புதுக் கோலம் தந்து மினுக்குவது மற்றொன்று, இது புதுப்பித்தல். மூன்றாவது, பொருளைச் செய்தவன் முதன்முதல் எப்படிச் செய்தானோ அந்நிலைக்கே அதனைத் திருப்பிக் கொண்டுவருவது. இதனை மீட்டமைத்தல் எனலாம். மூன்றனுள் அரியதும் உழைப்பு மிக்கதும் இதுவே.

அமெரிக்க நாட்டில் இம்மூன்றாம் முறையை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். 1964ஆம் ஆண்டையொட்டி அங்கே பான்டியாக் ஜிடிஓ, ஃபோர்டு மஸ்டாங் என்னும் கார்கள் வெளிவந்தன. இவற்றையும், இவற்றைப் போன்ற பேராற்றல் வாய்ந்த பிற கார்களையும் இன்று தேடி எடுத்து, ஒவ்வோர் உறுப்பையும் பிரித்து, துருவைச் சுரண்டி, தொலைந்த உறுப்புக்கு அதே காலத்து உறுப்பைத் தேடிப் பொருத்துகிறவர்கள் பலர். எஞ்சினில் பொறித்த எண்ணும் காரின் உடலில் பொறித்த எண்ணும் ஒத்துள்ளனவா என்றுகூட அவர்கள் ஆராய்வர். ‘இவ்வளவு பாடு எதற்கு? புதுக் கார் ஒன்று வாங்கலாகாதா?’ என்று நாம் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை காண அமெரிக்காவுக்குப் போக வேண்டுவதில்லை. அதே 1964ஆம் ஆண்டின் இறுதியில் நம் இராமநாதபுரக் கடற்கரையில் ஒரு மாபெரும் இயந்திரம் மீட்டமைக்கப்பட வேண்டிய நிலைக்கு வந்தது. அதன் நடுப்பகுதியும் ஓர் அமெரிக்கரின் மூளையில் உதித்ததே. அதுதான் பாம்பன் ரயில் பாலம்.

மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைத்த இப்பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் செல்லும் ‘போட் மெயில்’ பயணம் இப்பாலத்தின் வழியே நடந்தது. ஆனால், கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டால் பாம்பன் கால்வாய் வழியே செல்லும் கப்பல்கள் என்னாவது? இக்கேள்விக்கு விடையாக அமைந்ததே நடுவிலிருந்த தூக்குப் பாலம்.

சிகாகோ நகரத்துப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் என்பார் கண்ட முறையில் அது அமைந்தது. அதன் தத்துவத்தை மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கிணற்றில் நீர் இறைக்கும் துலாவைப் பார்த்திருப்பீர்கள். முன்நுனியில் வாளி தொங்கும். பின்நுனியில் கனமான கல் கட்டப்பட்டிருக்கும். நீர் நிறைந்த வாளியை மேலே கொணர ஒரு மனிதரின் சிறு முயற்சி போதும். எஞ்சிய வேலையைக் கல் பார்த்துக்கொள்ளும். பாலத்தின் இரண்டு இலைகளும் அப்படித்தான் செயற்பட்டன. ஒவ்வோர் இலையின் பின்புறத்திலும் ஓர் எதிர்ப்பாரம் இருந்தது. துலா அச்சில் சுழல்கிறது; ஷெர்சரின் இலையோ, குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையின் வளைந்த கால் போன்ற ஓர் அடிப்பாகத்தின் மேல் பின்னோக்கி உருண்டது. உருளும்போது உராய்வு குறைவு. அதோடு, இலை மேலெழுவதுடன் பின்வாங்கவும் செய்வதால் கப்பலுக்கு வழி அகலமாகத் திறந்தது. நூற்றுக்கணக்கான டன் எடையை மின்சாரம் எதுவுமின்றி, சில பணியாளர்கள் கைநெம்புகோல்களைத் தள்ளியே தூக்கினர்.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். இத்தகைய இயந்திரத்தின் உயிர் அதன் சமநிலையில் இருக்கிறது. இலையின் நுனியில் கனமான ஒரு பகுதியைக் கூட்டினால், பின்னால் எதிர்ப்பாரத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். துரு அரித்து இரும்பு குறைந்தாலும் கணக்கு மாறும். ஆகவே, ‘மூல நிலை’ என்பது வெறும் அழகுணர்ச்சியன்று. மூல எடை, மூல அளவு, மூலப் பொருத்தம் ஆகியவை வேலை நடப்பதற்கே இன்றியமையாதவை. காரை மீட்டமைப்பவன் அதே காலத்து உறுப்பைத் தேடுவதிலும் இந்நியாயம் உண்டு. ஒன்றுக்கொன்று இசைந்து நிற்கும்படி செய்யப்பட்ட உறுப்புகளைத் தனித்தனியே மாற்றினால் இசைவு கெடுகிறது.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிக் கடும்புயலும் பேரலையும் இக்கரையைத் தாக்கின. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற ரயில் கடலில் மூழ்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி நகரமே அழிந்தது. பாம்பன் பாலத்தின் 146 கண்களில் நூற்றிருபதுக்கு மேற்பட்டவற்றின் இரும்பு உத்தரங்கள் கடலில் வீழ்ந்தன. நடுவிலிருந்த தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. அந்நாளில் இராமேசுவரத்துக்குச் சாலைப் பாலம் இல்லை. அது திறக்கப்பட்டது 1988ஆம் ஆண்டில்தான். ஆகவே, ரயில் பாலம் இன்றேல் தீவு மக்களுக்குப் படகைத் தவிர வேறு வழியில்லை.

பாலத்தைச் சீராக்க ஆறு திங்கள் கெடு விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று திங்களாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்தில் கொங்கண் ரயில் பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்தவர் அவரே. புதிதாக உத்தரங்கள் வார்த்துக் கொண்டுவரக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இந்நிலையில், பழைய உத்தரங்கள் கடலடியில் கிடக்கின்றன என்பதை உள்ளூர் மீனவர்கள் வாயிலாக அவர் அறிந்தார். அவற்றைத் தூக்கி எடுத்து, பயன்படக்கூடியவற்றை மீண்டும் தூண்களின் மேல் ஏற்றும் வேலை தொடங்கியது. ஓர் உத்தரத்துக்குப் பிடித்த நேரம் அடுத்ததற்குப் பிடிக்கவில்லை. கை பழகப் பழக வேகம் கூடியது. நாற்பத்தாறே நாட்களில் பாலம் எழுந்து நின்றது!

இவ்வெற்றிக்குக் காரணம் வேகம் மட்டுமன்று என்பது என் கருத்து. புதிய உத்தரத்தைத் தூணுக்கேற்ப அளந்து செய்ய வேண்டும். பழைய உத்தரமோ அத்தூணுக்கென்றே செய்யப்பட்டது. அளவு பார்க்கும் வேலை ஐம்பதாண்டுகளுக்கு முன்பே முடிந்திருந்தது. முன்னோர் கணக்கை மதித்தவர்க்கு அக்கணக்கே துணை நின்றது. கடலடியை அறிந்த மீனவரின் அறிவும், எடையை அறிந்த பொறியாளரின் அறிவும் ஒன்றுகூடியது மற்றொரு காரணம். பொறியியல் கற்போர் இவ்விரண்டாவதை மறத்தல் ஆகாது.

ஆயினும் மீட்டமைத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை வகுப்பது துரு. இரும்பும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் துரு தோன்றும். நீரில் கரைந்த உப்பு மின்னோட்டத்தை எளிதாக்கி அதனை விரைவுபடுத்தும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. ஆதலால் இரண்டு தகடுகளுக்கிடையே அது புகுந்தால் ஆப்புப் போல அவற்றைப் பிளக்கிறது. உப்புக் காற்று ஓயாது வீசும் பாம்பனில் துருவைச் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் முடிவற்ற வேலைகள். 2007ஆம் ஆண்டில் பாலம் வலுப்படுத்தப்பட்டு, மீட்டர் பாதை அகலப் பாதையாயிற்று. ஆனால் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. அருகிலே கட்டப்பட்ட புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிளந்து உருளாமல், மின் விசையால் நேராக மேலே எழுகிறது.

பழைய காரை ஒருவர் கொட்டகையில் வைத்துப் பேணலாம். தவறினாலும் நட்டம் அவருக்கே. ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கும் பாலத்தை அன்பின் பொருட்டு மட்டும் ஓட்டிக்கொண்டிருத்தல் தகாது. பாதுகாப்பு முதலில், பழமை பிறகு. தனுஷ்கோடிக்குச் சென்ற ரயில் பாதை புயலுக்குப் பின் கைவிடப்பட்டதும் இத்தகைய முடிவே. எதனை மீட்பது என்று அறிவது போலவே எதனை விடுவது என்று அறிவதும் பொறியாளர் கடமை.

ஆனால், விட்ட பொருளின் அறிவையும் சேர்த்து விட்டுவிடலாகாது. கோயில் திருப்பணியில் கல்வெட்டுள்ள கல்லைப் பிரிக்குமுன் படியெடுத்து வைப்பது நல்ல வழக்கம். அதுபோல, பழைய இயந்திரம் ஒன்று உங்கள் ஊரில் இருந்தால், அது அரிசி ஆலையாகட்டும், அச்சுப்பொறியாகட்டும், அதன் அளவுகளைக் குறியுங்கள். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று அதனை இயக்கியவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கடலுக்குள் வீழ்ந்த உத்தரத்தைத் தேடி எடுக்க முடிந்தது. இயக்கியவரோடு மறைந்த அறிவைத் தேடி எடுப்பதற்கோ எந்தப் பாரந்தூக்கியும் உதவாது.