மடலூர்தல்: ஒரு செயலும் அதன் பெயரும்

காதலியைச் சுவரருகே நிறுத்தி, அவள் அகலாவண்ணம் காதலன் சுவரில் ஓங்கிக் கையூன்றும் காட்சி சப்பானியப் படக்கதைகளிற் பெருவழக்கிற்று. அதனைக் 'கபெதோன்' என்பர். 'கபெ' என்பது சுவர். 'தோன்' என்பது மோதும் ஓசை. 2014-ஆம் ஆண்டு அந்நாட்டிற் பெரிதும் வழங்கிய புதுச்சொற்களுள் இதுவும் ஒன்றாக எண்ணப்பெற்றது. இங்ஙனம் ஒரு காதற்செயல் பன்முறை புனையப்பெற்றுத் தனிப்பெயர் பெறுதல் தமிழர்க்குப் புதிதன்று. நம் மடலூர்தல் அத்தகையதே.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்வார் வழியிற் பனைகளைக் காண்பர். பனைமட்டையின் இருபுறமும் வாட்பல் போன்ற கருக்கு உண்டு. அம்மட்டையாற் செய்த குதிரைமேல், எருக்கும் பூளையும் ஆவிரையும் சூடித் தலைவன் ஊர்த்தெருவில் வருதலே மடலூர்தல். இத்துறை ஒரு புலவர் பெயர்க்கு அடையாகவும் நின்றது. மடல் பாடிய மாதங்கீரனார் அதற்குச் சான்று.

கபெதோனில் ஆடவன் பெண்ணின் வழியை அடைக்கின்றான். மடலிலோ தன் உடலைக் கருக்கிற்கு ஈந்து, தன் நாணையே துறக்கின்றான். எனினும் மடலும் ஒருவகை வற்புறுத்தலே. ஊரறிய அவன் வருங்கால் பழி தலைவியையும் அவள் சுற்றத்தையும் சூழும். தொல்காப்பியர் மடலேறுவேன் எனக் கூறுதலைக் களவில் ஏற்று, ஏறிய மடலைப் பெருந்திணைப்பாற்படுத்தமைக்கு இவ்வற்புறுத்தலே காரணம் என்பது எம் கருத்து.

பெண்டிர் மடலேறுதலைத் தொல்காப்பியம் விலக்கிற்று. கடலன்ன காமம் உழந்தும் மடலேறாமையைப் பெண்ணின் பெருமையாகத் திருக்குறள் கூறிற்று. இம்மரபைக் கடந்தவர் பல்லவர் காலத்துத் திருமங்கையாழ்வார். சிறிய திருமடலில் திருமால்பாற் காதல்கொண்ட தலைவியே மடலூரத் துணிகின்றாள். அவள் கூறும் தலங்களுள் கடல்மல்லை, இடவெந்தை, நீர்மலை என்பனவும் உள்ளன; மூன்றும் இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தன. பெரிய திருமடலோ தென்னாட்டு மரபை விடுத்து வடநெறியை வேண்டுவதாக வெளிப்படவே மொழிகின்றது.

பெயர் ஒன்றேயாயினும் ஏறுவார் மாறச் செயலின் பொருளும் மாறிற்று. தலைவனது மடல் பெண்ணின் இசைவை ஊர்ப்பழியால் நெருக்குவது. தலைவியது மடல் அவள் தன் விருப்பத்தைத் தானே உரைப்பது. ஆதலின் மடற்பாக்களை ஆராயும் மாணவர், நாண் துறந்தார் யார் என்பதோடு அமையாது, ஆண்டுப் பெண்ணின் குரல் கேட்கப்படுகின்றதா எனவும் வினவுதல் வேண்டும்.