விழாத கரகம்: வீட்டுத் திரையில் ஆட்டம் குறித்துச் சில குறிப்புகள்

1

நாட்டார் ஆட்டம் வீடியோவுக்குள் போனதும் செத்துவிட்டது என்று சொல்வது நம் கருத்தரங்குகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அப்படிச் சொல்பவர்கள், அந்த வீடியோவை ஜனங்கள் ஏன் விரும்பிப் பார்த்தார்கள் என்று கேட்பதில்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் கரகாட்டம் முதலில் கேசட்டாகவும் பிறகு வி.சி.டி.யாகவும் வீட்டுக்குள் வந்தது. இன்று அதே ஆட்டம் கைபேசியில் ஓடுகிறது. ரசனை கெட்டுப்போச்சு என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. விருப்பம் என்று ஒன்று இருந்தால் அதற்கொரு அமைப்பும் இருக்கும். அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க முயல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டு வீடியோ மூலமாகவே உலகெங்கும் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்ட வேறொரு ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் யூரோவிஷன் பாட்டுப்போட்டி நடந்தது. அதன் இடைவேளையை நிரப்ப ஏழு நிமிட ஆட்டம் ஒன்று வைத்தார்கள். பில் வீலன் இசை. ஜீன் பட்லரும் மைக்கேல் ஃபிளாட்லியும் முன்னாட்டக்காரர்கள். ‘ரிவர்டான்ஸ்’ என்ற அந்தத் துண்டு 1995 பிப்ரவரியில் முழு மேடை நிகழ்ச்சியாகியது. அதே ஆண்டில் வீடியோவாகவும் வந்தது.

ஐரிஷ் காலாட்டத்தில் இடுப்புக்கு மேலே உடம்பு அசையாது. கைகள் விறைப்பாகப் பக்கவாட்டில் தொங்கும். எல்லா வேலையும் காலுக்குத்தான். கெட்டியான நுனியும் குதிகாலும் வைத்த காலணி பலகையில் தட்ட, அந்தச் சத்தமே தாளவாத்தியமாகிறது. உச்சக்கட்டத்தில் பத்து இருபது பேர் ஒரே வரிசையில் நின்று ஒரே தட்டு தட்டுவார்கள். கேமராவுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் கிடைக்காது. தூரத்திலிருந்து பிடித்தால் வரிசை தெரியும், கிட்டத்தில் பிடித்தால் பாதம் தெரியும். இரண்டுக்கும் நடுவே தவறிப்போக எதுவும் இல்லை. ஆடுபவர்கள் நம் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. அரங்கில் கேட்கும் காலொலியில் ஒரு பகுதி முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது என்பதும் பிற்பாடு வெளியே தெரிந்த விஷயம்தான். சொல்லப்போனால், இது தொலைக்காட்சிக்காகவே பிறந்த ஆட்டம். வீட்டுத் திரைக்கு வரும்போது அது இழப்பது குறைவு.

2

கரகாட்டம் இழப்பது அதிகம். எதை இழக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும்.

சாமிக்கு எடுக்கும் சக்தி கரகம் வேறு, ஜனங்களுக்கு ஆடும் ஆட்டக் கரகம் வேறு என்பது நாம் அறிந்ததே. பங்குனிப் பொங்கலிலோ சித்திரைப் பொங்கலிலோ ராத்திரி தொடங்கும் ஆட்டக் கரகம் விடியும்வரை நீளும். நையாண்டி மேளம் முதலில் தனியாக வாசித்துக் கூட்டம் சேர்க்கும். நாகசுரம், தவில், பம்பை, உறுமி எல்லாம் ஏறி இறங்கிய பிறகுதான் ஆட்டக்காரி வருவாள். குறவன் குறத்தி வரும், பபூன் வருவான். நடுநடுவே பேச்சு. முன்வரிசையில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியை அவள் “என்ன மாமா, வீட்ல சொல்லிட்டு வந்தீகளா?” என்று வம்புக்கு இழுப்பாள். அவர் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வார், சொல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்வார். பார்ப்பவர் பார்க்கப்படுபவராக மாறும் கணம் இது. ஊரில் மற்ற நாட்களில் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத அதிகாரம் ஒன்று அந்த வட்டத்துக்குள், தலையில் செம்பு இருக்கும்வரை, அவள் கையில் இருக்கிறது.

வி.எச்.எஸ். கேசட்டில் பொதுவாக மூன்று மணி நேரம் பிடிக்கும். வி.சி.டி. ஒன்றில் ஒன்றேகால் மணி நேரம் போல. ஒரு முழு ராத்திரியை இதற்குள் அடக்க வேண்டுமென்றால் எதையாவது வெட்டியாக வேண்டும். தனி மேளம் போகும், வந்தனம் போகும், இழுத்து இழுத்து வளரும் பேச்சு போகும். சினிமாப் பாட்டுக்கு ஆடும் துண்டுகளும் இடுப்பசைவும் இரட்டை அர்த்தப் பேச்சின் உச்சமும் மிஞ்சும். கரகாட்டம் ‘ஆபாசம்’ என்ற பேச்சில் இந்த வெட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ராத்திரி முழுக்கப் பரவிக் கிடந்த ஒன்றை ஒரு மணி நேரத்துக்குள் அழுத்திவிட்டு, பாருங்கள் எவ்வளவு ஆபாசம் என்கிறோம்.

இதைவிட முக்கியமான இழப்பு வேறு. தலையில் கரகத்தோடு அவள் ஏணியில் ஏறுகிறாள், பின்னால் வளைந்து கண்ணிமையால் ஊசி எடுக்கிறாள். விழுமா விழாதா? அந்தச் சந்தேகம்தான் ஆட்டத்தின் உயிர். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. வீடியோவிலோ கரகம் ஏற்கெனவே விழாமல் போய்விட்டது. நடந்து முடிந்த சாமர்த்தியத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

3

இவ்வளவு இழந்த பிறகும் ஏன் பார்த்தார்கள்? என் வாசிப்பில் இரண்டு காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, பெண்கள். நள்ளிரவுக்கு மேல் பேச்சு முற்றும்போது பெண்களும் பிள்ளைகளும் எழுந்து போய்விட வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். ஆடுபவள் பெண், அவளை விடியும்வரை பார்க்கும் உரிமையோ ஆணுக்கு. வீட்டுக்குள் வந்த கேசட் இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. மத்தியானம் சமையல் முடித்துவிட்டு, ஆம்பிளைகள் இல்லாத நேரத்தில், பக்கத்து வீட்டு மதினியோடு உட்கார்ந்து பார்க்கலாம். “அந்தப் பாட்டை இன்னொருக்கா ஓட்டு” என்று சொல்லலாம். ஆட்டக்காரி திருப்பிப் பார்ப்பதில்லை என்று மேலே சொன்ன அதே குறை இங்கே பாதுகாப்பாக மாறுகிறது. வீடியோ கலையை அழித்தது என்று புலம்பும் நம்மில் எத்தனை பேர், தெருவில் நின்று அதைப் பார்க்க முடியாதவர் யார் என்று யோசித்திருக்கிறோம்?

இரண்டாவது, உழைப்பு. இந்த வட்டாரத்துத் தொழில்கள் பெரும்பாலும் உட்கார்ந்து செய்பவை. தீப்பெட்டிக்குக் கட்டையில் குச்சி அடுக்குவதும், பட்டாசுக்குக் குழாய் உருட்டுவதும் திரி வைப்பதும் விரல்களின் வேகத்தால் நடக்கும் வேலைகள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. கால் மடங்கியே கிடக்கும். மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இரும்பு ஆணி வைத்த செருப்பு கூடாது. தரையில் எதையும் உரசக்கூடாது. பாதம் தரையில் எழுப்பும் ஒரு பொறி உயிரைக் கொண்டுபோய்விடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காலை அடக்கி வைப்பது இங்கே பிழைப்பின் விதி. ஃபிளாட்லி 1998இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடத்திய நிகழ்ச்சிக்கு ‘ஃபீட் ஆஃப் ஃப்ளேம்ஸ்’, அதாவது தீப்பிழம்புப் பாதங்கள் என்று பெயர். அங்கே காலிலிருந்து நெருப்புப் பறப்பது அலங்காரம். அந்த மாதிரி மேடைகளில் வெடிக்கும் வாணங்களின் அழகுக்குப் பின்னால் உட்கார்ந்து உருட்டும் விரல்கள் எங்கேயோ இருக்கின்றன என்பதைத் திரை காட்டுவதில்லை. நாளெல்லாம் மடங்கிக் கிடந்த கால்கள், ராத்திரி இன்னொரு காலின் விடுதலையைப் பார்க்கின்றன. இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

4

ஐரிஷ் கைகள் ஏன் அசைவதில்லை என்பதற்குப் பல கதைகள் சொல்வார்கள். கதைகளை விடுங்கள், வரலாறு ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 1893இல் தொடங்கிய கேலிக் லீக், ஆங்கிலேயருக்கு எதிரே நிறுத்த ஒரு தேசிய ஆட்டத்தைத் தேடியது, போட்டிகளும் விதிகளும் வந்தன, உடம்பு நிமிர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1935இல் பொது நடன மண்டபச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் பொது நடனம் நடத்தக்கூடாது என்றானது. தேசத்தின் பெயராலும் ஒழுக்கத்தின் பெயராலும் ஆட்டம் ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டது. ரிவர்டான்ஸ் செய்தது, அந்தச் சுத்தமான உடம்புக்குக் குட்டைப்பாவாடையும் காமமும் திரும்பக் கொடுத்ததுதான்.

நம் பக்கம் இதற்கு இணை பரதநாட்டியம். சதிர் சபைக்கு ஏறியது, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது, கலை மேல்சாதி வீடுகளுக்கு மாறியது. கரகாட்டத்தை யாரும் தேசிய ஆட்டமாக்கவில்லை. ஆகவே அதற்குச் சுத்திகரிப்பின் மரியாதையும் கிடைக்கவில்லை. காவல் நிலையத்தின் அனுமதிச் சீட்டு மட்டும் கிடைத்தது.

5

கடைசியாக, இதில் பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்வி. ஃபிளாட்லி 1995 அக்டோபரில் ரிவர்டான்ஸை விட்டு வெளியேறினார். ஆட்ட அமைப்பின் மீது தனக்குள்ள உரிமை, அதற்கான பங்கு ஆகியவை பற்றிய தகராறு அது. 1996இல் ‘லார்ட் ஆஃப் த டான்ஸ்’ என்று சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கினார். தன் காலடி தன்னுடையது என்று சொல்ல அவரிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள்.

ரிவர்டான்ஸ் பிறந்த அதே 1994இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, நிகழ்த்துவோர் உரிமை என்ற புதிய உரிமை உண்டாயிற்று. நிகழ்த்துவோர் யார் என்று சொல்லும்போது நடிகர், பாடகர், நடனமாடுபவர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூடச் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. அவர்கள் சம்மதமில்லாமல் நிகழ்ச்சியைப் பதிவு செய்யக்கூடாது. 2012 திருத்தத்தின்படி, பதிவை வணிகமாக்கினால் அவர்களுக்குப் பங்கும் உண்டு. ஏட்டில் கரகாட்டக்காரியும் ஃபிளாட்லியும் சமம்.

நடப்பு வேறு மாதிரி. அச்சாரம் கொடுப்பது விழாக்குழு. பேசுவது ஒரு ராத்திரிக்கான தொகை. கேமராக்காரர் வருகிறார், எடுக்கிறார், போகிறார். அவள் ‘சரி’ என்றாளா என்று யாரும் கேட்பதில்லை. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் ஏற்பட்டது. அட்டை கிடைத்தது, உதவித்தொகை கிடைத்தது. நல வாரியம் அவளை உதவி பெறுபவளாகப் பார்க்கிறது. சட்டமோ அவளை உரிமை உடையவளாகச் சொல்கிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல. முன்னதற்கு மனு எழுதுகிறோம், பின்னதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கேசட் வியாபாரியை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. ‘ஆவணப்படுத்தல்’ என்ற பெயரில் பல்கலைக்கழகத்துக் கேமராக்களும் அதே வட்டத்துக்குள் வந்து நின்றன. நம் பதிவில் நீளம் கூடுதல், வெட்டு குறைவு. ஆனால் அவளிடம் கையெழுத்து வாங்கிய தாள் நம்மிலும் எத்தனை பேரிடம் இருக்கிறது? கலை அழிகிறது என்று அடுத்த கருத்தரங்கில் பேசும் முன்னால், பதிவு செய்யப்போகும் ஆட்டக்காரியோடு தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். என்ன எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், விற்றால் அவளுக்கு எவ்வளவு என்று அதில் இருந்தால் போதும். சட்டம் இதற்கு 1995 மே மாதத்திலிருந்தே இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.