மண்ணுக்குச் சாப்பாடு போடுங்கள், செடி தானே வளரும்

மாடியில் வைத்த கத்தரியின் இலை மஞ்சளானால் உடனே எழும் கேள்வி, "என்ன உரம் போடலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தொட்டியில் இருக்கும் மண் உயிரோடு இருக்கிறதா?

சென்னையில் அடையாறை ஒட்டிய கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். அங்குள்ள மரங்களுக்கு யாரும் யூரியா போடுவதில்லை. உதிரும் இலையே அவற்றுக்கு உரம். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, பெருக்காமல் விட்ட எந்தப் பழைய மரத்தடியிலும் சருகை விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த முழு இலை. அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய நைந்த இலை. அதில் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடும். அதற்கும் கீழே கறுத்து, பொலபொலவென்று உதிரும் மட்கு. முதல் மழையில் எழும் மண்வாசனை அதில் வரும். அந்த வாசனையைத் தருவது மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்கள்.

வேர் இலையை அப்படியே தின்னாது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, தழைச்சத்தை அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகே வேர் உறிஞ்சுகிறது. பதிலுக்கு வேரும், இலையில் தயாரான சர்க்கரையில் ஒரு பங்கைக் கசியவிட்டு அவற்றை வளர்க்கிறது. வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை, வேருக்கு எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. ரசாயன உரம் செடிக்கு நேரடியாகச் சத்து தரும். ஆனால் இந்த உயிர்களுக்குத் தேவையான கரிமப்பொருள் அதில் இல்லை. மணலில் போட்ட நைட்ரேட்டின் பெரும்பகுதி அடுத்த மழையிலேயே கரைந்து இறங்கிவிடும்.

நம் பகுதிகளுக்கு இது முக்கியம். அடையாறிலும் சாந்தோமிலும் கடலோர மணல், தண்ணீர் நிற்காது. தியாகராய நகர் 1920களில் பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவான இடம். அங்கே களிமண் அதிகம், தண்ணீர் இறங்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. மட்கு மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். களியைப் பொலபொலப்பாக்கிக் காற்றுக்கு வழி விடும்.

மட்கு செய்ய

காய்கறித் தோல், வாடிய பூ ஒரு பங்குக்கு, காய்ந்த சருகு இரண்டு பங்கு போடுங்கள். கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 30-க்கு 1 என்று இருந்தால் நன்றாக மட்கும். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். சருகைச் சேர்த்துக் கிளறுங்கள். புங்கன் சருகு கிடைத்தால் விடாதீர்கள். வயலுக்குத் தழையுரமாகப் போட்ட இலை அது. நம் தெருக்களிலோ குப்பை லாரியில் ஏறிப் போகிறது.

தொட்டி நிரப்ப

செம்மண், மட்கு அல்லது மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு; ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவு ஈரம் காக்கும், ஆனால் அதில் சத்து மிகக் குறைவு. அதை மட்டும் நிரப்பிய பையில் செடி பட்டினி கிடக்கும்.

மூடாக்கு

மொட்டை மாடி வெயிலில் திறந்த மண் கொதிக்கும், நுண்ணுயிர்கள் மாளும். இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சருகைப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றும்போதும் மேல்மண் கரையாது.

கரைசல்

பஞ்சகவ்யம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். ஆனால் அது மட்குக்கு மாற்று ஆகாது. தின்பதற்கு ஒன்றுமில்லாத மண்ணில் நுண்ணுயிரைக் கொண்டுபோய் விட்டுப் பயனில்லை.

சென்னைச் சூட்டில் மட்கு சீக்கிரம் கரைந்து தீரும். ஆகவே வருடத்துக்கு ஒரு மூட்டை என்று கொட்டாமல், மாதம் ஒரு கை அளவு மேலே தூவிச் சருகால் மூடுவதே சரி. பலன் ஒரு வாரத்தில் தெரியாது. மண் தேறப் பருவங்கள் ஆகும். ஊற்றிய தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கினால், மண்கட்டி விரலில் அழுத்தியதும் உதிர்ந்தால், மண் தேறிவிட்டது. அந்த மண்ணைத் தூக்கிக் கொட்டாதீர்கள். காய்ப்பு முடிந்ததும், நோயில்லாத செடி என்றால், தண்டை மட்டும் வெட்டி வேரை உள்ளேயே விடுங்கள். மேலே புது மட்கைப் போட்டு அடுத்த விதையை ஊன்றுங்கள்.