டியூட்டி நேரத்தில் விழும் அடி
மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது டிரான்ஸ்பார்மர் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை நம் பாடப்புத்தகமே நன்றாகச் சொல்கிறது. ஆகவே புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்க்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் டிப்ளமோ படிக்கிறேன். போன வருடம் ஒருநாள் நைட் டியூட்டி முடிந்து, கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்தார். வழுக்கி விழுந்துட்டேன் என்றார். இரண்டு நாள் கழித்துத்தான் உண்மை வந்தது. தரையில் கிடந்த இரத்தத்தைத் துடைக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொன்னதற்கு, நோயாளியோடு வந்த ஒருவர் அறைந்துவிட்டார்.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா நாளைக்கு வராதேன்னுடுவாங்க. அவனும் பாவம்டா, புள்ளையத் தூக்கிட்டு ஓடி வந்தவன்."

2023 மே மாதம் கேரளாவின் கொட்டாரக்கராவில், போலீசார் சிகிச்சைக்கு அழைத்து வந்த ஒருவர் இளம் பெண் டாக்டரைக் குத்திக் கொன்றார். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த பயிற்சி டாக்டர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொலையானார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், புற்றுநோய் டாக்டர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார், டாக்டர் பிழைத்துக்கொண்டார். இவையெல்லாம் பேப்பரில் வந்தவை. அம்மாவின் கன்னம் எந்தப் பேப்பரிலும் வராது. சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தங்கள் பணிக்காலத்தில் ஒருமுறையாவது உடல்ரீதியாகத் தாக்கப்படுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடிப்பவர்கள் எல்லாம் ரவுடிகளா? இல்லை நண்பர்களே! நம்மையே எடுத்துக்கொள்வோம். சென்ற செமஸ்டரில் ஒரு நண்பன் பைக்கிலிருந்து விழுந்தான். ஹாஸ்டலிலிருந்து பதினைந்து பேர் போனோம். அரைமணி நேரம் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. எல்லோரும் கத்தினோம். வாட்ச்மேன் சட்டையை ஒருவன் பிடித்தான். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. அப்போது எனக்கு 'டிரையேஜ்' என்றால் என்னவென்று தெரியாது. அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை. கை முறிந்த நம் ஆள் பச்சை. உள்ளே ஒரு சிவப்பு போராடிக்கொண்டிருந்தது. இதை யாராவது வெளியே வந்து இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் பாதிக் கூச்சல் அடங்கியிருக்கும். சொல்ல ஆள் இல்லை என்பதும் உண்மைதான். காத்திருப்பு, பயம், பணக்கவலை, சில சமயம் குடி, இத்தனையும் சேர்ந்து எதிரில் அகப்பட்டவர் மேல் விழுகிறது. எதிரில் அகப்படுவது பெரும்பாலும் நர்ஸ், ஆயா, வாட்ச்மேன்.

அடி விழுமுன் அறிகுறி தெரியும். முறைத்துப் பார்ப்பது, குரல் ஏறுவது, முணுமுணுப்பது, அங்கும் இங்கும் நடப்பது. அப்போது எதிர்த்துக் கத்தாமல், தாழ்ந்த குரலில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். இரண்டு கை நீளத்துக்குத் தள்ளி நிற்க வேண்டும். முதுகைக் காட்டக் கூடாது, அவர் வெளியே போகும் வழியையும் மறிக்கக் கூடாது. கத்தி கையில் வந்துவிட்டால் பேச்சே வேண்டாம், ஓடிவிட வேண்டும். வீரம் காட்டும் இடம் அதுவல்ல.

இனி நம் வேலைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியைக் கட்டுவதும் ஒயரிங் செய்வதும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தானே! டாக்டர் நாற்காலி கதவுப் பக்கம் இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள அறை பொறி மாதிரி. பெண்கள் ஓய்வெடுக்கும் டியூட்டி ரூமுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக விழ வேண்டும். கரண்ட் போனால் வராந்தா விளக்கு பேட்டரியில் உடனே எரிய வேண்டும். வரவேற்பு நாற்காலிகள் தூக்கி வீச முடியாதபடி தரையோடு போல்ட் போட்டிருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் ஒரு பெல் சுவிட்ச், அழுத்தினால் செக்யூரிட்டி அறையிலும் போலீஸ் அவுட்போஸ்டிலும் ஒலிக்க வேண்டும். கேமரா நல்லதுதான், ஆனால் அது பிறகு சாட்சி சொல்லுமே தவிர அறையைத் தடுக்காது.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. டாக்டர், நர்ஸ், துணை மருத்துவப் பணியாளர், மருத்துவ மாணவர் ஆகியோரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். பொருளை உடைத்தால் இருமடங்கு கட்ட வேண்டும். மத்திய அரசு மருத்துவமனைகளில் ஊழியர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதிய வைக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. இந்த உத்தரவில் எனக்குப் பிடித்தது, புகார் கொடுக்கும் பாரம் அடிபட்டவர் தலையில் இல்லை என்பதுதான். காண்ட்ராக்ட் ஆளுக்கு அதுதான் பெரிய விஷயம்.

இதை எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த பெல்லு சுவிட்ச் மேஜைக்கு அடியிலயா? நாங்க பக்கெட்டோட வராந்தா கடைசியில இல்ல நிப்போம்?" என்றார்.

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒயர்லெஸ் பட்டனாக இருந்தால் சரிப்படும். என் ப்ராஜெக்ட் தலைப்பை மாற்ற அனுமதி கேட்டு ஹெச்.ஓ.டி. சாரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன்.