சட்டாம்பிள்ளைக்கு இல்லாத உரிமை

கல்வி வளர்ந்த கதை – 7

செப்டம்பர் 5ஆம் தேதி நம் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு விநோதம் நடக்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகள் வேட்டியும் புடவையும் உடுத்துக் கையில் சாக்குக்கட்டியுடன் கீழ்வகுப்புகளுக்குப் பாடம் நடத்தச் செல்ல, உபாத்தியாயர்கள் அன்று ஒரு பொழுது ஓய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் ஜன்மதினத்தை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடிவரும் நாம், அன்று வேஷமாகச் செய்யும் இக்காரியம் ஒரு காலத்தில் நம் நாட்டுக் கல்வியில் நித்திய வழக்கமாக இருந்தது என்பதைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

சென்ற வாரம் நாம் பார்த்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ஒருவரே. ஆனால் அவருக்கு அடுத்தபடியாகச் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணாக்கன் இருந்து, இளையவர்களின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தை வரையச் செய்து, முறை வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பான். 1789 முதல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை மேற்பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் இவ்வாறு மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, தம் துணை உபாத்தியாயர்கள் அம்முறையைக் கையாள முன்வராதபோது, ஏறத்தாழ எட்டு வயதான ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் தட்டிக்கழித்ததைச் சிறுவன் செய்து காட்டினான். 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலின் வாயிலாக இது 'மதராஸ் முறை' என்ற பெயருடன் சீமையெங்கும் பரவிற்று.

எனினும், பரவியது பாதி விஷயம்தான். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சிக்கனமாகப் பாடம் சொல்லலாம் என்ற ஆசையில், வரையறுத்த பாடத்தை வரையறுத்தபடி ஒப்பிக்க வைக்கும் கங்காணியாகவே அங்கே சட்டாம்பிள்ளை ஆக்கப்பட்டான். விடையைச் சொல்லித்தரும் அதிகாரம் அவனுக்குக் கிடைத்ததேயன்றி, கேள்வியை எழுப்பும் உரிமை கிடைக்கவில்லை.

அவ்வுரிமை ஒரு மாணாக்கனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு ராதாகிருஷ்ணனே சாட்சி. உறவினர் ஒருவர் கொடுத்த பழைய பாடப்புத்தகங்களை நம்பித் தத்துவ வகுப்பில் சேர்ந்த அவர், வேதாந்தத்தில் தர்மநெறிக்கு இடமில்லை என்று சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிச் சூழலில் எழுந்த கண்டனத்தை வெறுமனே சகித்துக்கொண்டோ மறுத்துக்கூறியோ நிற்காமல், அதையே ஆராய்ச்சிப் பொருளாக்கி எழுதிய எம்.ஏ. கட்டுரை, 1908இல், அவருக்கு இருபது வயதாகும்போது, நூலாக வெளிவந்தது.

கல்லூரிக்குக் காத்திராமல் அவ்வுரிமையைப் பள்ளிப் பருவத்திலேயே வழங்குவது, 1993 முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கும் இம்மாநாட்டுக்காக, 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊரின் ஒரு பிரச்சினையைத் தேர்ந்து, அளந்து, விசாரித்து, கண்ட முடிவைத் தாய்மொழியிலேயே சபையில் எடுத்துரைக்கலாம்.

1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்து, அதன்பின் சென்னை ராஜ்யத்துடன் இணைந்த திருத்தணியையே எடுத்துக்கொள்வோம். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடியுடன் இரு மாநிலத்துப் பக்தர்களும் திரளும் அந்நாட்களில் சரவணப் பொய்கையின் நீர் எவ்வளவு கலங்குகிறது என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு தகர மூடிக்குக் கறுப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசி, அடியில் கல்லைக் கட்டி, நான்கு விரற்கடைக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் படித்துறையிலிருந்து இறக்கி, எத்தனையாவது முடிச்சில் அது கண்ணுக்கு மறைகிறது என்று திருவிழாவுக்கு முன்னும் பின்னும் நோட்டில் குறித்துவந்தால் போதும். காவடிப் பூக்கள் பிறகு எங்கே போகின்றன என்று வருவோரிடம் தெலுங்கிலும் தமிழிலும் விசாரிக்க, வீட்டில் ஒன்றும் வீதியில் மற்றொன்றும் பேசி வளரும் எல்லையூர்ப் பிள்ளையைவிடத் தகுதியுள்ள நிபுணர் யார்?

பிள்ளைகள் தவறாக அளந்துவிட்டால் என்ன செய்வது என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். தவறு நேரத்தான் செய்யும். மழை பெய்த நாளின் கலங்கலையும் திருவிழாக் கலங்கலையும் ஒன்றாக எண்ணிவிடாமல் பிரித்தறியக் கற்பிப்பதற்குத்தான் உபாத்தியாயர் இருக்கிறார். கண்டறிந்ததை அடுத்த வகுப்புக்குச் சொல்லப் புகும்போது, கீழ்வகுப்புச் சிறுவன் கேட்கும் குறுக்குக் கேள்வி ஆராய்ச்சியை இன்னும் திருத்தும். ஆராய்வதும் கற்பிப்பதும் ஒரே மாணாக்கனிடம் கூடும்போதுதான், பெல் எடுத்துச்சென்ற பாதி முழுமை பெறுகிறது.

வயதில் இளையோர் முதியோருக்கே உபாத்தியாயரானால் என்ன நேரும்? 1991இல் புதுக்கோட்டைக் கிராமங்களில் எழுந்த அறிவொளி இயக்கம் அதைக் காட்டிற்று. அதனை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)