விமானி மாமாவுக்கு எந்த ஊர்?

துபாயிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டாச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் கேப்டன் வணக்கம் சொல்கிறார். அவர் ஆஸ்திரேலியாக்காரர். பக்கத்தில் இருக்கும் துணை விமானிக்கு ஊர் பிரேசில். விமானமோ ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாட்டுடையது. பயணிகளில் பாதிப் பேர் நம்ம ஊர்க்காரர்கள்!

'அந்த நாட்டு விமானத்தை அந்த நாட்டுக்காரர்தானே ஓட்ட வேண்டும்?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் போய் விமானம் ஓட்டுபவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஏன் வெளியூர் விமானி?

ஒரு விமானத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் கேப்டனைக் கடையில் வாங்க முடியாது! பெரிய பயணிகள் விமானத்தின் கேப்டனாக வேண்டுமென்றால் குறைந்தது 1,500 மணி நேரமாவது பறந்த அனுபவம் வேண்டும். அதற்குப் பல வருடங்கள் ஆகும்.

சின்ன நாடு, பெரிய விமான நிறுவனம் என்றால் என்ன செய்வது? வெளியிலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும். துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் 1985 அக்டோபர் 25-ல் முதல் விமானத்தைக் கராச்சிக்கு விட்டது. அப்போது பாகிஸ்தான் விமான நிறுவனத்திடம் விமானம் வாடகைக்கு வாங்கித்தான் தொழிலை ஆரம்பித்தார்கள். நம் இந்தியாவிலும் 2000-க்குப் பிறகு புதிய விமான நிறுவனங்கள் மளமளவென்று முளைத்தபோது, கேப்டன்கள் போதாமல் வெளிநாட்டு விமானிகளை அழைத்து வந்தார்கள்.

இமயமலையைத் தாண்டிய இரண்டு பேர்

இன்னொரு சுவையான கதை ஹாங்காங்கில் இருக்கிறது. ராய் ஃபாரல் அமெரிக்கர். சிட்னி டி கான்ட்சோ ஆஸ்திரேலியர். இரண்டாம் உலகப் போரின்போது, இந்தியாவிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு விமானம் ஓட்டியவர்கள். ரொம்ப ஆபத்தான பாதை அது.

போர் முடிந்ததும் ஃபாரல் ஒரு பழைய போர்க்கால விமானத்தை வாங்கினார். அதற்குச் செல்லப் பெயர் 'பெட்சி'. இரண்டு பேரும் சேர்ந்து 1946-ல் ஹாங்காங்கில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கேத்தே பசிபிக். பிழைக்க வந்த இரண்டு வெளியூர் விமானிகள் ஆரம்பித்த கம்பெனி! ஹாங்காங் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனால், பெட்சி கூரையிலிருந்து தொங்குவதைப் பார்க்கலாம்.

வாலில் இருக்கும் ரகசியம்

அடுத்த முறை விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தால், வால் பக்கம் எழுதியிருக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். 'விடி' என்று ஆரம்பித்தால் இந்திய விமானம். 'ஏ6' என்றால் ஐக்கிய அரபு எமிரேட்ஸ். '9வி' என்றால் சிங்கப்பூர். '4ஆர்' என்றால் இலங்கை.

விமானிக்கு இந்த எழுத்துகள் ரொம்ப முக்கியம். எந்த நாட்டின் எழுத்து விமானத்தில் இருக்கிறதோ, அந்த நாட்டின் லைசென்ஸ் அவரிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அவர் வைத்திருக்கும் லைசென்ஸை அந்த நாடு ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். 1944-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தில் உள்ள விதி இது. ஆகவே இருபது வருடம் விமானம் ஓட்டியவரும் புது நாட்டுக்குப் போனால் மறுபடி மாணவர்தான்! அந்த நாட்டு வான்வெளிச் சட்டத்தைப் படித்து, பரீட்சை எழுத வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு.

பரீட்சை அதோடு முடியாது. 'சிமுலேட்டர்' என்று ஒரு பொம்மை விமானம் இருக்கிறது. உள்ளே நிஜ விமானி அறை போலவே இருக்கும். ஆடும், சாயும், ஜன்னலில் ஓடுபாதை தெரியும். விமானிகள் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் உட்கார வேண்டும். பரிசோதகர் ஒரு பொத்தானை அழுத்துவார். உடனே இன்ஜினில் 'தீ' பிடிக்கும்! பதறாமல் தரை இறக்கிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால், மறுபடி பயிற்சி எடுத்துத் தேறும்வரை நிஜ விமானத்தில் உட்கார முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொதுத்தேர்வு எழுதுவது போல நினைத்துப் பாருங்கள்!

ஒரு சொல் தப்பினால்...

வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் சேர்ந்து ஓட்டும்போது பேச்சு பிசகினால் என்ன ஆகும்? ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் 1977 மார்ச் 27 அன்று அது நடந்தது. ஓடுபாதையில் ஒரே மூடுபனி. ஒரே பாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். ஒன்றில் நெதர்லாந்து விமானிகள், மற்றொன்றில் அமெரிக்கர்கள், கோபுரத்தில் ஸ்பெயின் நாட்டு அதிகாரி.

நெதர்லாந்து விமானிகள் தாங்கள் 'டேக் ஆஃப்' செய்கிறோம் என்று சொன்னார்கள். 'புறப்படத் தயாராக நிற்கிறார்கள்' என்று அதிகாரி புரிந்துகொண்டார். ஆனால் விமானம் ஓட ஆரம்பித்திருந்தது! எதிரே இருந்த விமானம் விலகிவிட்டதா என்று அந்த விமானத்தின் பொறியாளருக்குச் சந்தேகம். கேட்டார். மூத்த கேப்டன் 'விலகிவிட்டது' என்று சொன்னதும், அவர் அதற்கு மேல் தடுக்கவில்லை. மோதியதில் 583 பேர் இறந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு விதிகள் மாறின. புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ, கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதோ மட்டும்தான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உச்சரிக்க வேண்டும். 2008-லிருந்து வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானிகளுக்கு ஆங்கிலம் பேசும் தேர்வும் வந்தது. மொத்தம் ஆறு நிலைகள். நான்காவது நிலையாவது தேற வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. கேப்டன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், தப்பு என்று பட்டால் சின்னவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். பெரியவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதற்குத் தனியாகப் பயிற்சியே கொடுக்கிறார்கள். முன்பின் பழகாத இருவர், வேறு வேறு நாட்டுக்காரர்கள், ஒரே அறையில் உட்காரும்போது இந்தப் பயிற்சிதான் காப்பாற்றுகிறது.

சாப்பாட்டிலும் ஜாக்கிரதை உண்டு. பல நிறுவனங்களில் இரண்டு விமானிகளுக்கும் வேறு வேறு உணவுதான். ஒன்று கெட்டுப்போயிருந்தாலும் மற்றவர் தெம்பாக இருக்க வேண்டுமே!

மலையில் ஒரு சதுரங்கம்

ஹாங்காங்கில் 1998 வரை கை டாக் என்ற விமான நிலையம் இருந்தது. ஓடுபாதை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கமிருந்து இறங்க வேண்டுமென்றால், எதிரே ஒரு மலை! அதில் சதுரங்கக் கட்டம் போலச் சாயம் அடித்திருந்தார்கள். கட்டத்தைப் பார்த்ததும் விமானி சட்டென்று வலப்பக்கம் திருப்பி, மாடி வீடுகளுக்கு மேலே தாழப் பறந்து இறங்க வேண்டும். பழக்கம் இல்லாத வெளியூர் விமானிக்கு எப்படி இருந்திருக்கும்!

தீபாவளிக்கு அப்பா எங்கே?

நல்ல சம்பளம், பெரிய விமானம், நாடு நாடாகப் பறக்கலாம். எல்லாம் சரிதான். ஆனால் டூட்டி பட்டியலுக்குத் தீபாவளியும் தெரியாது, கிறிஸ்துமஸும் தெரியாது. மகளின் பிறந்தநாள் அன்று அப்பா நடுக்கடலுக்கு மேலே இருப்பார். ஊரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், அம்மா விமானி அறையில் இருப்பார். ராத்திரியில் விழித்து, பகலில் தூங்கி, உடம்பும் குழம்பிப்போகும்.

இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. வெளிநாட்டில் பெரும்பாலும் வேலையோடு சேர்ந்ததுதான் விசா. வேலை போனால் வீட்டைக் காலி செய்து ஊர் திரும்ப வேண்டியதுதான். 2020-ல் கொரோனா வந்தபோது விமானங்கள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டன. பல நாடுகளில் வெளியூர் விமானிகள் வேலை இழந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளியையும் தோழர்களையும் விட்டுவிட்டுப் பெட்டி கட்ட வேண்டியதாயிற்று.

உங்களுக்கும் ஆசையா?

இந்தியாவில் வணிக விமானி லைசென்ஸ் வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கணக்கையும் இயற்பியலையும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசிப் பழகுங்கள். கண்ணாடி போட்டிருக்கிறோமே என்று கவலை வேண்டாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு குட்டிக் கணக்கு. சென்னையில் காலை 8 மணி. அப்போது துபாயில் 6.30, ஹாங்காங்கில் 10.30. ஆனால் உலகத்தில் எங்கே பறந்தாலும் விமானிகள் பின்பற்றுவது ஒரே பொது நேரம்தான். அந்தக் கணக்குப்படி இப்போது மணி 2.30. அப்படியென்றால் நீங்கள் இரவு 9 மணிக்குத் தூங்கப் போகும்போது விமானி மாமாவின் கடிகாரத்தில் மணி என்ன? கண்டுபிடித்து அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள், பார்ப்போம்!

இன்று இரவு மொட்டை மாடியில் நின்று, மினுக் மினுக்கென்று போகும் விமானத்துக்கு ஒரு 'டாட்டா' காட்டுங்கள். அதை ஓட்டுபவரின் வீட்டிலும் உங்களைப் போல ஒரு குட்டி காத்திருக்கலாம்!