17,000 ரூபாய் டி.வி-யா, 30,000 ரூபாய் டி.வி-யா... கடலூர், சிதம்பரம் வீடுகளுக்கு எது சரிவரும்?

ஷோரூமில் எல்லா டி.வி-யும் அழகாகத்தான் இருக்கும். கடலூர் லாரன்ஸ் ரோடு கடையாக இருந்தாலும் சரி, சிதம்பரம் மேலவீதி கடையாக இருந்தாலும் சரி, உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க அருவி கொட்டும், கிளி பறக்கும், தர்பூசணி இரண்டாகப் பிளக்கும். எல்லாமே 4கே தரத்தில் எடுத்த டெமோ வீடியோக்கள். போதாக்குறைக்கு, கடை வெளிச்சத்துக்கு ஏற்றமாதிரி பிரைட்னஸை உச்சத்தில் வைத்திருப்பார்கள். அந்த நிலையில் 17,000 ரூபாய் டி.வி-க்கும் 30,000 ரூபாய் டி.வி-க்கும் நம் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

'அப்புறம் எதுக்கு 13,000 ரூபாய் கூடக் கொடுக்கணும்?' என்று தோன்றும். நியாயமான கேள்விதான். மாதச் சம்பளத்தில் பாதி, சிலருக்கு முழுச் சம்பளமே இந்த வித்தியாசத்தில் போய்விடும்.

இப்போது இந்தக் கேள்வி அதிகம் எழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டி.வி-களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. 32 இன்ச் வரையிலான டி.வி-களுக்கு 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவிகிதம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். வரியோடு 32,000 ரூபாய்க்கு விற்ற டி.வி, வரிக்குறைப்பை அப்படியே கொடுத்தால் 29,500 ரூபாய்க்கு வர வேண்டும். 'எப்போதும் 32 இன்ச்தான்' என்றிருந்த வீடுகள்கூட 43 இன்ச் பக்கம் திரும்பிப் பார்க்கின்றன.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பெரிய பொருள் என்றால் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். அங்கே வரி குறைவு என்பது ஒரு காலத்தில் உண்மை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்த பிறகு, பெரியகடை வீதியில் வாங்கினாலும் மஞ்சக்குப்பத்தில் வாங்கினாலும் டி.வி-க்கு ஒரே வரிதான். கடைக்காரர் தரும் தள்ளுபடியில் வித்தியாசம் இருக்கலாம். ஆனால், வரிக்காக அலைய வேண்டியதில்லை.

'எல்லாத்துக்கும் ஒரே பேனல்தான் சார்!'

பட்ஜெட் டி.வி விற்பவர்கள் தவறாமல் சொல்லும் வசனம் இது. பாதி உண்மை. டி.வி-யின் விலையில் பாதிக்கு மேல் விழுங்குவது திரை, அதாவது பேனல். எல்.சி.டி பேனல் உற்பத்தி இன்று பெரும்பாலும் சீனாவிலும் தைவானிலும்தான் நடக்கிறது. சாம்சங்கின் டிஸ்ப்ளே நிறுவனம் 2022-லேயே எல்.சி.டி பேனல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எல்.ஜி டிஸ்ப்ளே, சீனாவில் வைத்திருந்த தன் பெரிய எல்.சி.டி ஆலையை டி.சி.எல் குழுமத்துக்கு விற்கும் முடிவை 2024-ல் அறிவித்தது. ஆக, பெரிய கம்பெனியின் சாதாரண எல்.இ.டி டி.வி-க்குள்ளும் வெளியில் வாங்கிய பேனல் இருக்கலாம்.

மறைக்கப்படும் மீதிப் பாதி என்ன? அதே ஆலையின் பேனலிலேயே தர வரிசை உண்டு. அதற்குப் பின்னால் ஒளி தரும் எல்.இ.டி பட்டைகள், கரன்ட்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டு, படத்தைச் சீராக்கும் பிராசஸர், ஸ்பீக்கர் என்று விலையைக் குறைக்க வழிகள் நிறைய. 13,000 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு பகுதி பெயருக்கும் விளம்பரத்துக்கும் போகிறது என்பது நிஜம். இன்னொரு பகுதி இந்த உள்பாகங்களுக்குப் போகிறது.

இதில் நம் ஊர் வீடுகளை நேரடியாகத் தொடுவது பிராசஸர். நம்மில் பலர் வீட்டில் ஓடுவது நெட்ஃப்ளிக்ஸ் இல்லை, கேபிள். அதிலும் சாதாரண எஸ்.டி பாக்ஸ். அந்த பாக்ஸ் அனுப்பும் படத்தில் 720-க்கு 576 என்று சுமார் 4 லட்சம் புள்ளிகள்தான் இருக்கும். 4கே திரையில் இருப்பதோ சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளியை இழுத்து 20 புள்ளிகளாக டி.வி நிரப்ப வேண்டும்! இதைச் செய்வதில்தான் நல்ல பிராசஸரும் மலிவான பிராசஸரும் பிரிகின்றன. மலிவான டி.வி-யில் சீரியல் நாயகியின் முகம் மாவு பூசியதுபோல இருக்கும். கீழே ஓடும் செய்தி எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். 'புது டி.வி-யைவிட பழைய டி.வி-யே நல்லா தெரிஞ்சுது' என்று பாட்டி சொன்னால் சிரிக்காதீர்கள். அவர் கண்ணில் கோளாறு இல்லை.

அதனால், கடையில் கிளி வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். "கேபிள் கனெக்‌ஷன் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒரு செய்தி சேனல், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், முடிந்தால் ஒரு கிரிக்கெட் மேட்ச். பத்து நிமிடம் போதும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். காட்ட முடியாது என்று கடையில் சொன்னால், அதுவும் ஒரு தகவல்தான்.

உங்கள் வீட்டில் பெரும்பாலும் யூடியூபும் ஓ.டி.டி-யும்தான் ஓடுகிறது என்றால் கதையே வேறு. அங்கே வரும் படம் ஏற்கெனவே நல்ல தரத்தில் இருப்பதால் பட்ஜெட் டி.வி நன்றாகவே சமாளிக்கும். ஒன்றை மட்டும் பாருங்கள். 'ஸ்மார்ட்', 'ஆண்ட்ராய்டு' என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதாது. முறையான கூகுள் டி.வி அனுமதி இல்லாத டி.வி-களில் நெட்ஃப்ளிக்ஸ் போன்ற ஆப்கள் சரியாக வேலை செய்யாமல் போவது உண்டு. கடையிலேயே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, நீங்கள் பார்க்கும் ஆப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

வாரன்ட்டி கார்டும், வராத மெக்கானிக்கும்

சிதம்பரத்தில் இருக்கும் என் சித்தி வீட்டில், ஆன்லைன் தள்ளுபடியில் 43 இன்ச் டி.வி வாங்கினார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். 14-வது மாதம் ஒருநாள் மாலை, சத்தம் வருகிறது, படம் இல்லை. வாரன்ட்டியோ ஒரு வருடம். கஸ்டமர் கேருக்கு போன் செய்தால், கட்டணம் கட்டினால் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். சித்தியும் சித்தப்பாவும் காத்திருந்தார்கள். 11 நாள்கள் ஆகியும் யாரும் வரவில்லை. கடைசியில், பக்கத்துத் தெருவில் சின்னக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் வந்து, திரையில் டார்ச் லைட் அடித்துக் காட்டினார். இருட்டுக்குள் படம் மங்கலாக அசைந்தது. பேனல் நன்றாகவே இருக்கிறது, பின்னால் இருக்கும் எல்.இ.டி பட்டைகள்தான் போயிருக்கின்றன என்று மாற்றிக் கொடுத்தார். 2,800 ரூபாய். டி.வி இன்றும் ஓடுகிறது.

இதை வைத்து 'பட்ஜெட் டி.வி என்றாலே இப்படித்தான்' என்று சொல்லிவிட முடியாது. பெரிய பிராண்டிலும் எல்.இ.டி பட்டை போகும். பேனல் உடைந்தால், எந்த பிராண்டாக இருந்தாலும் புது டி.வி விலையை நெருங்கும் செலவுதான். கேள்வி, உங்கள் தெருவுக்கு யார் வருவார்கள் என்பது. சென்னையில் இது பெரிய பிரச்னையாகத் தெரியாது. கடலூரிலிருந்து புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் போகப் போகத்தான் இதன் அருமை தெரியும்.

ஆன்லைனில் வாங்கும்போது பின்கோடு போட்டுப் பார்க்கிறோம் இல்லையா? அது டெலிவரிக்கு மட்டும்தான். டி.வி உங்கள் வீட்டுக்கு வரும் என்பதற்கு அர்த்தம், மெக்கானிக்கும் வருவார் என்பதல்ல. பணம் கட்டும் முன்பே அந்த கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் செய்து, கடலூர் என்றால் 607001, சிதம்பரம் என்றால் 608001, கிராமம் என்றால் உங்கள் பின்கோடைச் சொல்லுங்கள். ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? எந்த ஊரிலிருந்து வருவார்? பேனலுக்குத் தனியாக எத்தனை வருட வாரன்ட்டி? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் அது பட்ஜெட் டி.வி-யாக இருந்தாலும் தைரியமாக வாங்கலாம். 'சார், அது வந்து...' என்று இழுத்தால், பெரிய பெயராக இருந்தாலும் யோசியுங்கள்.

பெரிய பெயர் என்பதும் நிரந்தரமில்லை. உங்கள் தாத்தா பாட்டியிடம் சாலிடர், டயனோரா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். எண்பதுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் கொடிகட்டிப் பறந்த சென்னை பிராண்டுகள் அவை. இன்று எங்கே? நாடு முழுக்க விற்ற வீடியோகான், 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதே 2018-ல்தான் ஷாவ்மி இந்தியாவில் டி.வி விற்பனையைத் தொடங்கி, 32 இன்ச் ஸ்மார்ட் டி.வி-யை 13,999 ரூபாய்க்கு இறக்கியது. விலைப் போட்டி சூடு பிடித்தது. ஒன்பிளஸ், ரியல்மி போன்ற போன் கம்பெனிகளும் டி.வி விற்க வந்தன. 2023-ல் அந்த இரண்டும் இந்திய டி.வி சந்தையிலிருந்து விலகுவதாகச் செய்திகள் வெளியாயின. ஏழெட்டு வருடம் ஓட வேண்டிய பொருளை வாங்கும்போது, பிராண்ட் அதுவரை தாங்குமா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒருவிதத்தில் தமிழ்நாடு இந்த பாடத்தை ஏற்கெனவே படித்திருக்கிறது. 2006-லிருந்து அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டி.வி-கள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயின. அது எந்த கம்பெனி டி.வி என்று யாரும் பார்க்கவில்லை. கெட்டுப்போனால் திறந்து சரிபார்க்க ஊருக்கு ஊர் மெக்கானிக் இருந்தார், அவ்வளவுதான்.

உப்புக் காற்றும் கரன்ட்டும்

தேவனாம்பட்டினம், முதுநகர், பரங்கிப்பேட்டை மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து உள்ளே இருக்கும் போர்டுகளை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரிலோ, மழையில் ஓதம் ஏறும் சுவரிலோ டி.வி-யை மாட்டாதீர்கள். சுவருக்கும் டி.வி-க்கும் நடுவே காற்றோட்டம் இருக்கட்டும்.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்தபோது கரன்ட் இல்லாமல் கிடந்ததைக் கடலூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் வேண்டாம், சாதாரண ஐப்பசி மழைக்கே கரன்ட் போய்ப் போய் வரும். போகும்போது ஆபத்து குறைவு. திரும்ப வரும் நொடியில் ஏறும் வோல்ட்டேஜ்தான் பவர் போர்டைப் பதம் பார்க்கும். இடி இடித்தால் ரிமோட்டில் ஆஃப் செய்வது போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே கேபிள் வயரையும். மின்னல் அந்த வழியாகவும் வரும். மின்னலிலும் வோல்ட்டேஜிலும் போன டி.வி-க்குப் பெரும்பாலான கம்பெனிகள் வாரன்ட்டி தராது. பெரிய பிராண்டும் அப்படித்தான்.

கரன்ட் பில்லைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சுமார் 80 வாட் இழுக்கும் 43 இன்ச் டி.வி-யை தினம் 6 மணி நேரம் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்தான் வரும்.

சரி, எதை வாங்குவது? என்னைக் கேட்டால், அண்ணாமலை நகரில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு 32 இன்ச் பட்ஜெட் டி.வி தாராளமாகப் போதும். அந்த அளவில் புள்ளிகள் குறைவு என்பதால் கேபிள் படமும் அவ்வளவு மோசமாகத் தெரியாது. படுக்கையறையில் இரண்டாவது டி.வி என்றாலும் அதேதான். ஹாலில் ஒரே டி.வி, காலை முதல் இரவு வரை ஓடும், பெரியவர்கள் கேபிள்தான் பார்ப்பார்கள் என்றால், 43 இன்ச்சில் பெரிய பிராண்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் இல்லை. கையில் 20,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால், கடன் வாங்கி 43-க்குப் போவதைவிட நல்ல பிராண்டில் 32 வாங்குவேன். ஹால் பத்தடி என்றால் 55 இன்ச் ஆசையே வேண்டாம். பெயரே கேள்விப்படாத 'அசெம்பிள்டு' டி.வி பக்கம் மட்டும் போக மாட்டேன். பின்பக்கம் பி.ஐ.எஸ் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ் கேர்' ஆப்பில் போட்டால் யார் தயாரித்தது என்று தெரிந்துவிடும்.

எதை வாங்கினாலும் ஜி.எஸ்.டி பில் கேட்டு வாங்குங்கள். ஆன்லைன் என்றால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கம்பெனி கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால், கடலூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம், பெரியவர்கள் உள்ள வீடுகளுக்கு ஒரு விஷயம். இன்ஸ்டால் செய்ய வருபவரிடம், டி.வி-யை ஆன் செய்ததும் ஆப்கள் பக்கம் போகாமல் நேராகக் கேபிளுக்குப் போகும்படி செட்டிங்கை மாற்றச் சொல்லுங்கள். பல டி.வி-களில் அந்த வசதி உண்டு. பழைய கேபிள் பாக்ஸின் மூன்று கலர் வயர் புது டி.வி-யில் சேருமா என்று அவர் கிளம்புவதற்குள் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் சீரியல் நேரத்தில் உங்களுக்குத்தான் போன் வரும்.